பேர் ஊரில், பிழைப்பு திருப்பூரில்: ஒரு லைன் வீட்டுப் பகுதியில் நடந்த வாக்காளர் உதவிப் பணி

2023 செப்டம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை, திருப்பூரில் ஒரு லைன் வீட்டுப் பகுதியில் நாங்கள் 11 பேர் செய்த வேலையின் பதிவு இது. எதை நினைத்து ஆரம்பித்தோம், எங்கே தவறினோம், என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, தெருவின் பெயரும் இல்லை. இங்கே வரும் எண்ணிக்கையெல்லாம் எங்கள் நோட்டில் குறித்து வைத்தவை. நான்கு சந்துகளுக்கு மட்டும்தான் அவை பொருந்தும்.

பின்னணி

இருபதுக்கும் மேற்பட்ட காம்பவுண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆறிலிருந்து பத்து வீடுகள் வரிசையாக இருக்கும். நடுவில் தண்ணீர்த் தொட்டி, கடைசியில் பொதுக் கழிப்பறை. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனி ஆட்கள்: கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வீடு. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்து, மத்தியானம் கறி எடுத்து, சாயங்காலம் கடைவீதி.

மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்து ஆட்களும் உண்டு. கடைசிச் சந்தில் பீகார், ஒடிசா இளைஞர்கள். அவர்களில் யாரும் இங்கே பெயர் சேர்க்க விரும்பவில்லை, அதனால் இந்தப் பதிவில் அவர்கள் இல்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அன்று ஓட்டுப் போட்டுவிட்டு அந்தச் சந்து வழியாக வந்தேன். ஒரு பெண் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். “போகலையா?” என்றேன். “எங்களுக்கு ஓட்டு இங்க இல்ல டீச்சர், ஊர்ல இருக்கு” என்றார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதினான்கு வருடம் என்றார். அவர் வீட்டு முன்னால் சாக்கடை நிரம்பி நின்றிருந்தது. அந்தச் சாக்கடைக்கு ஓட்டுப் போடுகிற தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. அது எனக்குப் பெரிய உறுத்தலாகிவிட்டது.

இந்தப் பெண்ணும், கட்டிங் மாஸ்டரான அவர் கணவரும், மகளும்தான் இந்தப் பதிவில் அடிக்கடி வருவார்கள். ‘அந்தக் குடும்பம்’ என்று சொல்லும்போதெல்லாம் இவர்களைத்தான் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்.

முதல் முயற்சி: பேரணி

2023 செப்டம்பரில் குழு சேர்ந்தது. மூன்று கல்லூரி மாணவிகள், ஒரு மளிகைக் கடைக்காரர், இரண்டு பனியன் தொழிலாளிகள், ஓய்வுபெற்ற சிலர். யாரும் கட்சிப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே பேசிக்கொண்டோம்.

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு சந்துகளிலும் கோஷம் போட்டு நடந்தோம். ‘வாக்களிப்பது நம் கடமை.’ குழந்தைகள் பின்னால் வந்தார்கள். பெரியவர்கள் துணி பிழிந்துகொண்டே பார்த்தார்கள். ஒரு வீட்டில், “எவ்வளவு தருவீங்கண்ணே?” என்று உண்மையாகவே கேட்டார்கள். தேர்தல் என்று சொல்லிக்கொண்டு அந்தச் சந்துக்குள் வந்தவர்களெல்லாம் அதுவரை பணத்தோடு வந்தவர்கள் என்பதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்து டீ குடிக்கும்போது குழுவில் மூத்தவர் பேசினார். அவருக்குச் சொந்த ஊர் மொடக்குறிச்சிப் பக்கம். 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்க வைக்க அங்கே கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். 1,033 பேர் போட்டியிட்டார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டி வந்தது, வாக்குச்சீட்டு புத்தகமாக வந்தது. அதற்குப் பிறகுதான் டெபாசிட் தொகையை நாடு முழுவதும் ஏற்றினார்கள். “ஓட்டுன்னா என்னன்னு இந்தச் சனத்துக்கு நாம சொல்லித் தரணுங்களா? அவங்களுக்கு என்ன தடைன்னு கேட்டமா?” என்றார்.

கேட்கவில்லைதான். பேரணியை அத்தோடு நிறுத்தினோம்.

நோட்டு போட்டுக் கேட்டது

அக்டோபரில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போனோம். ஒரே கேள்வி: “உங்க பேரு எந்த ஊர் லிஸ்ட்ல இருக்கு?” 18 வயது நிறைந்த 164 பேரிடம் பதில் கிடைத்தது. இங்கேயே பெயர் உள்ளவர்கள் 38. சொந்த ஊரில் உள்ளவர்கள் 97. எங்கேயும் இல்லாதவர்கள் 22, பெரும்பாலும் இளைஞர்கள். தெரியாது என்றவர்கள் 7.

ஓட்டில் அக்கறை இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலர். 97 பேரிடமும் அடுத்து, “ஏன் மாத்தலை?” என்று கேட்டோம். இந்தப் பதிவில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது அந்தப் பதில்கள்தான்.

முதலாவது ரேஷன் கார்டு. வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றினால் ஊரில் உள்ள ரேஷன் கார்டு போய்விடும் என்று பலர் நம்பினார்கள். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதிதான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியிருந்தது. மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்த நேரத்தில் எந்த ஆவணத்தையும் தொட அவர்கள் பயந்தார்கள். இரண்டும் வேறு வேறு பதிவேடு என்று சொன்னோம். வாயால் சொன்னதை யாரும் நம்பவில்லை. மூன்று வருடம் முன்பே பெயரை இங்கே மாற்றிக்கொண்டு, ஊர் ரேஷன் கார்டும் அப்படியே வைத்திருந்த ஓர் ஓவர்லாக் தொழிலாளி எங்கள் குழுவில் இருந்தார். அவர் தன் இரண்டு அட்டைகளையும் எடுத்துப்போய்க் காட்டினார். அதன் பிறகு பேச்சு மாறியது.

இரண்டாவது ஊர் உரிமை. அந்தக் குடும்பத்தின் கணவர் சொன்னார்: “பேரை எடுத்துட்டா ஊர்க்காரன் இல்லன்னு ஆயிரும் டீச்சர். திருவிழா வரி வாங்க மாட்டாங்க, பஞ்சாயத்துல நிக்கற சொந்தக்காரன் மூஞ்சில முழிக்க முடியாது.” இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இது அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமும் கிடையாது.

மூன்றாவது வீட்டுக்காரர். லைன் வீட்டில் கரண்ட் பில், தண்ணீர் வரி எல்லாம் உரிமையாளர் பெயரில். வாடகை ஒப்பந்தம் எழுதுகிற பழக்கமே இல்லை. ஒரு காம்பவுண்டின் உரிமையாளர் அம்மா நேராகவே சொன்னார்: “ஏனுங்க டீச்சர், அட்ரஸ் குடுத்துட்டா நாளைக்கு வீட்டைக் காலி பண்ணுன்னா பண்ணுவாங்களா?”

எடுத்த முடிவுகள்

எல்லோரையும் இங்கே மாற்றச் சொல்வதில்லை என்பது முதல் முடிவு. இது குழுவில் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு வந்தது. மாணவிகள், வாழ்கிற இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும், சட்டமும் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறது என்றார்கள். மூத்தவர்கள், ஊரோடு இருக்கிற உறவை அறுக்கச் சொல்ல நாம் யார் என்றார்கள். கடைசியில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விடுவது என்றானது. 97 பேரில் 36 பேர் மாற்றிக்கொள்ள முன்வந்தார்கள். 61 பேர் ஊரிலேயே இருக்கட்டும் என்றார்கள். அந்த 61 பேருக்கு வேறு வேலை: ஊர்ப் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று தேர்தல் ஆணையத்தின் 1950 உதவி எண்ணிலும் செயலியிலும் பார்த்துச் சொல்வது, தேர்தல் தேதி வந்ததும் ஊருக்குப் போகத் திட்டமிட உதவுவது.

இரண்டாவது முடிவு நோட்டைப் பற்றியது. டிசம்பரில் ஒரு கட்சிக்காரர் வந்து, நல்ல வேலை செய்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, லிஸ்ட்டை ஒரு நகல் கேட்டார். மறுத்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் எங்களுக்கு அன்றைக்குத்தான் புத்தி வந்தது. அதுவரை அட்டைகளின் படங்களை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்திருந்தோம். அன்று ராத்திரியே அழித்தோம். அதன் பிறகு போன் எண், அட்டை எண் எதையும் குறிக்கவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்கள் போனிலேயே விண்ணப்பித்துக் கொடுத்தோம்.

விண்ணப்பம், அதில் நாங்கள் செய்த பிழை

2023 அக்டோபர் 27-ஆம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வந்தது. விண்ணப்பிக்க டிசம்பர் 9 வரை அவகாசம். நவம்பரில் சனி, ஞாயிறு சிறப்பு முகாம்கள் இருந்தன. ஆனால் நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முந்தைய வாரங்களில் கம்பெனிகளில் அவசர ஆர்டர், சனிக்கிழமை யாருக்கும் லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனஸ் பணத்தோடு எல்லோரும் துணிக்கடையில். முகாமுக்கு எங்கள் சந்துகளிலிருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீபாவளிக்குப் பின் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களிடம் நாங்களே போய் உட்கார்ந்தோம்.

மொத்தம் 55 விண்ணப்பங்கள்: இடம் மாற்ற 36, புதிதாகச் சேர்க்க 19. இதில்தான் பெரிய பிழை நடந்தது. ஏற்கெனவே எங்கேயாவது பெயர் உள்ளவர் இடம் மாறினால் படிவம் 8. முதல் முறை சேருபவருக்குத்தான் படிவம் 6. 2022 ஆகஸ்டு முதல் தொகுதிக்கு உள்ளேயோ வெளியேயோ எந்த இடமாற்றத்துக்கும் படிவம் 8 தான். எங்களில் இருவர் இது தெரியாமல் 9 பேருக்குப் படிவம் 6 நிரப்பிவிட்டார்கள். அந்தப் படிவத்தில், என் பெயர் வேறு எங்கும் இல்லை என்ற உறுதிமொழி இருக்கிறது. பொய் உறுதிமொழிக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. உதவப் போன நாங்கள், எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவரை அப்படி ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஒன்பது வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டு, அந்த விண்ணப்பங்களை நிராகரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, புதிதாகப் படிவம் 8 கொடுத்தோம். இதைக் கூச்சமில்லாமல் எழுதுவதற்குக் காரணம், இதே பிழையை வேறு குழுக்களும் செய்யக்கூடும் என்பதுதான்.

படிவம் 8 பற்றி இன்னொன்று. அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு வந்தவர்கள், ஒரே மாவட்டம்தானே, மாற்ற எதற்கு என்றார்கள். திருப்பூர் மாவட்டம் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. அவிநாசி நீலகிரியில், பல்லடம் கோவையில், காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். இருபது நிமிட பஸ் தூரத்தில் எம்.பி. மாறிவிடுகிறார். இதை ஒரு தாளில் வரைந்து காட்டியபோது பலருக்கு ஆச்சரியம்.

பூட்டிய வீடு

2024 ஜனவரி 22-ஆம் தேதி இறுதிப் பட்டியல் வந்தது. 55 பேரில் 34 பெயர்கள் இருந்தன. மீதி 21-இல் 9 எங்கள் பிழை. 4 ஆவணக் குறைபாடு. 8 பேருக்கு, ‘விசாரணையில் குடியிருப்பது தெரியவில்லை’.

அந்த எட்டில் அந்தக் குடும்பத்தின் மூவரும் அடக்கம். நடந்தது எளிய விஷயம். ஆவணம் குறைவாக இருந்தால் அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும். எங்கள் பகுதி அலுவலர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். தன் வேலைக்கு நடுவில் பகல் பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். வீடு பூட்டு. பக்கத்து வீடும் பூட்டு. உரிமையாளர் அம்மா, எதற்கு வம்பு என்று, “யாரு இருக்காங்கன்னு சரியாத் தெரியலைங்க” என்று சொல்லிவிட்டார்.

அலுவலர் மேல் தவறு சொல்ல முடியாது. பனியன் ஊரில் பகலில் வீடு பூட்டித்தான் இருக்கும். நாங்கள் அவரைப் போய்ப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வர முடியுமா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “காலையில ஏழுலருந்து ஒம்போதுக்குள்ள முடிச்சரலாமுங்களா?” என்றார். முடித்தோம். அதற்கு முந்தின நாள் உரிமையாளர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டில் உரிமை வந்துவிடாது என்பதை ஒரு வழக்கறிஞரை வைத்தே சொன்னோம். அந்த அம்மா சமாதானமானது வழக்கறிஞர் பேச்சில் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் வந்து, “அம்மா, பதினாறு வருசமா ஒரு மாச வாடகை நின்னுருக்கா?” என்று கேட்டார். “அதெல்லாம் இல்ல கண்ணு” என்றார் அவர். மறுநாள் அலுவலரிடம் அவரே எல்லா வீட்டையும் காட்டினார்.

மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. விண்ணப்பிக்க மார்ச் 17 கடைசி. அதற்குள் மீண்டும் கொடுத்தவர்களில் 13 பேர் சேர்ந்தார்கள். ஆக 47. அந்தக் குடும்பத்தின் கணவர், முதல் விண்ணப்பம் கொடுத்த பிறகும், ஊர் உரிமையை நினைத்து ஜனவரி வரை தயங்கியவர். தன் அண்ணனிடம் போனில் பேசி, திருவிழா வரி குடும்பத்துக்கு வாங்குவதுதான், ஓட்டுக்கு வாங்குவதில்லை என்று கேட்டுத் தெளிந்துகொண்டார். அந்த ஒரு போன் பேச்சை அக்டோபரிலேயே நாங்கள் யோசனையாகச் சொல்லியிருக்கலாம்.

வாக்குப்பதிவுக்கு முன்

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. 21-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம், 23-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குவது. ஊரில் ஓட்டு உள்ள 61 பேரில் மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இது நல்ல வாய்ப்பாக இருந்தது. ஏப்ரல் முதல் வாரமே பஸ் டிக்கெட் எடுக்கச் சொன்னோம். நாங்கள் பணம் கொடுக்கவில்லை, வண்டியும் ஏற்பாடு செய்யவில்லை. வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை ஏற்றிப்போக வண்டி அமர்த்துவது சட்டப்படி குற்றம். எங்களையும் யாரோ ஒரு கட்சியின் ஆட்கள் என்று நினைக்க இடம் தரக் கூடாது என்று அதைத் தவிர்த்தோம்.

கூலி விஷயம் கடினமாக இருந்தது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. அன்றைக்கு வேலை செய்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவருக்கும், வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைத் தர வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை மட்டுமே. இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, பக்கத்துச் சிறு கம்பெனிகளில் கொடுத்தோம். மூன்று இடங்களில் சம்பளத்தோடு விட்டார்கள். சில இடங்களில் லீவு கிடைத்தது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. ஓரிடத்தில் லீவுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தார்கள். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்றோம். ஒருவரும் தயாராக இல்லை, அடுத்த வாரம் வேலை வேண்டுமே. அவர்கள் பெயரில் நாங்கள் புகார் கொடுக்கவில்லை. அது சரியான முடிவா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சறுக்கல். 82 வயது அப்பத்தா ஒருவரிடம் ஜனவரியில், வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று சொல்லியிருந்தோம். அப்போது வயது வரம்பு 80. மார்ச் மாதம் அது 85 ஆனது. போய் விஷயத்தைச் சொன்னபோது, “அப்ப நான் சின்னப் புள்ளையாயிட்டனா சாமி?” என்று சிரித்தார். பேரன் டிவிஎஸ் எக்ஸெல்லில் கூட்டிவந்தார், சாவடியில் சக்கர நாற்காலி இருந்தது.

ஏப்ரல் 19

காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வாக்குப்பதிவு. நாங்கள் சாவடிப் பக்கம் நிற்காமல் சந்து முனை மளிகைக் கடையில் இருந்தோம். வந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்வி: எதை எடுத்துப் போவது? பூத் சிலிப் மட்டும் போதும் என்று பலர் நினைத்தார்கள், அது அடையாள ஆவணம் ஆகாது. ரேஷன் ஸ்மார்ட் கார்டும் ஏற்கப்படும் பட்டியலில் இல்லை. ஆதார், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்றை எடுத்துவரத் திருப்பி அனுப்பினோம். வெயிலில் சாவடி வரை போய்த் திரும்பாமல் சந்து முனையிலேயே திரும்பியது சிறிய உதவிதான், ஆனால் அன்று செய்ததில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

பதினொரு மணிக்கு ஒரு பேக்கிங் தொழிலாளி அழாத குறையாக வந்தார். அவர் பெயர், இல்லாதோர், இடம் பெயர்ந்தோர், இறந்தோர் தனிப்பட்டியலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தாலும், ஆள் நேரில் வந்து அடையாளம் சரியாக இருந்தால் கூடுதலாகக் கைரேகை வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட விட வேண்டும். இதை அவரிடம் சொல்லி, தலைமை அலுவலரிடம் நேராகக் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் விரலில் மையோடு வந்தார்.

அந்தக் குடும்பம் மூன்றரை மணிக்குப் போனது. மகளுக்கு முதல் ஓட்டு. அம்மாவுக்குத் திருப்பூரில் முதல் ஓட்டு. அட்டை தபாலில் வந்து, வீடு பூட்டியிருந்ததால் திரும்பிப் போயிருந்தது. ஆதாரைக் காட்டித்தான் போட்டார்கள்.

பின்னர் தெரிந்தவை

புதிதாகச் சேர்ந்த 47 பேரில் 39 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஊருக்குப் போவதாகச் சொன்ன 61 பேரில் 44 பேர் போனார்கள். போகாதவர்களில் பலர் பீஸ் ரேட் ஆட்கள். பஸ் கட்டணம், இரண்டு நாள் கூலி இரண்டையும் கூட்டிப் பார்த்து நின்றுவிட்டார்கள். எங்களால்தான் இத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், சிலர் எப்படியும் போயிருப்பார்கள். ஆனால் அந்த 39 பேரில் ஒருவருக்குக்கூட அக்டோபரில் திருப்பூர்ப் பட்டியலில் பெயர் இல்லை.

எதை மாற்றிச் செய்வோம்

தேர்தல் அறிவித்த பிறகு ஆரம்பிப்பதில் பயனில்லை, எங்கள் வேலையில் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என்று, 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் வருடத்துக்கு நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தில் உட்கார்ந்தால் போதும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் எதுவும் வைக்கக் கூடாது. வாடகை வீட்டில் வேலை என்றால் முதலில் உரிமையாளர்களைப் பார்க்க வேண்டும், நாங்கள் அவர்களைக் கடைசியில்தான் பார்த்தோம். படிவம் நிரப்பும் ஒவ்வொருவரும், “ஏற்கெனவே அட்டை இருக்கா?” என்று கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. அட்டை வரும் தபாலை வாங்கிவைக்க, பகலில் ஆள் இருக்கும் ஒரு வீட்டை ஒவ்வொரு காம்பவுண்டிலும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

விண்ணப்பித்த 55 பேரில் கடைசிவரை சேராமல் போன எட்டுப் பேரில் ஐந்து பேர் அந்தக் கோடையிலேயே வீடு மாறிப் போய்விட்டார்கள். எந்தப் பகுதி என்று தெரியவில்லை. மீதி மூன்று பேருக்கு ஜூலையில் மறுபடியும் விண்ணப்பித்தோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை அவருக்கு வீடுகளைக் காட்டியது அந்தக் குடும்பத்து மகள்.